கல்லியேனா என் கல்யாண்தான்

கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீசில் எனக்கு வேலை. எந்தத் துறைமுகம், என்ன சரக்கு, எத்தனை பெட்டி என்று பட்டியல் பார்த்தே இருபது வருஷம் ஓடிவிட்டது. அதனால்தானோ என்னவோ, பெரிப்ளஸைக் கையில் எடுத்ததும் கீழே வைக்க மனசு வரவில்லை.

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வியாபாரம் செய்த ஒரு கிரேக்கர் எழுதிய கடல்வழிக் கையேடு அது. அவர் தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. பாரிகாசாவில், அதாவது குஜராத்தில் இருக்கும் இன்றைய பரூச்சில், இத்தாலிய ஒயின், செம்பு, ஈயம், பவளம் இறக்கலாம். தந்தம், துணி, நம் திப்பிலி ஏற்றலாம் என்கிறார். அங்கே அமாவாசை ஓதம், அதாவது கடல் ஏற்றம், வருவதை அவர் சொல்லும் இடத்தை எத்தனை தடவை படித்தேனோ! தூரத்தில் ஒரு படை ஆரவாரம் செய்வதுபோலச் சத்தம் கேட்குமாம். உடனே மணல்திட்டுகள் மேல் கடல் சீறிக்கொண்டு பாயுமாம். அதற்காகவே அரசாங்கச் செம்படவர்கள் பெரிய படகுகளில் எதிர்கொண்டு வந்து, கப்பலைக் கயிறு கட்டி இழுத்துப்போவார்கள்.

பரூச்சுக்குத் தெற்கே சுப்பாரா, கல்லியேனா. மும்பைப் பக்கத்து நாலாசோபாராவும், நான் இருக்கும் கல்யாணும்! கல்யாணில் ஆட்சி கைமாறியபின் நிலைமை சரியில்லை, இங்கே வரும் கிரேக்கக் கப்பலைக் காவல் போட்டு பாரிகாசாவுக்குக் கொண்டுபோய்விடக்கூடும் என்று எச்சரிக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கல்யாணின் துர்காடி கோட்டைப் பக்கம் கூட்டிப்போனேன். ஓதம் வற்றி, ஒரு படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. ஜூலை மழை முகத்தில் அறைந்தது. எகிப்திலிருந்து ஜூலையில் கிளம்பச் சொல்கிறது பெரிப்ளஸ். அந்தக் கப்பல்களைத் தள்ளிவந்ததும் இதே தென்மேற்குக் காற்றுதான்.

அப்புறம் யூடாக்ஸஸ் என்ற கிரேக்கக் கடலோடியின் கதையை மகளுக்குச் சொன்னேன். கி.மு. 118 வாக்கில், செங்கடல் கரையில் காவலர்கள் ஒரு கப்பலைக் கண்டார்கள். கூட வந்தவர்கள் எல்லாரும் பட்டினியில் இறந்துபோக, ஒரே ஒரு இந்திய மாலுமி குற்றுயிராகக் கிடந்தார். அவர் கிரேக்கம் கற்றுக்கொண்டு, இந்தியாவுக்கு வழி காட்டுவதாக எகிப்தை ஆண்ட எட்டாம் டாலமி மன்னரிடம் வாக்குக் கொடுத்தார். அந்தப் பயணத்தில் போனவர்தான் யூடாக்ஸஸ். வாசனைப் பொருளும் ரத்தினமுமாகத் திரும்பினார்; எல்லாவற்றையும் மன்னரே எடுத்துக்கொண்டார்.

மகளுக்கு மன்னரும் ரத்தினமும் பெரிதாகப் படவில்லை. "அந்த மாலுமி வீட்டுக்கு வந்து சேர்ந்தாராப்பா?" என்றாள்.

"வந்திருப்பார்மா. வழி காட்டினதே அவர்தானே."