கத்தரிக்கப்பட்ட பக்கத்தின் மறுபுறம்

2009ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், நான் ஷெஃபீல்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, நன்கொடையாக வரும் பழைய பொருள்களை விற்கும் கடையொன்றில், சமையல் புத்தகங்களுக்கு அடியில் பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டுகளைப் பற்றிய ‘ஒயிட் டுவார்ஃப்’ என்ற பத்திரிகையின் இதழ்கள் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கிடந்தன. 1979 முதல் 1985 வரையிலான 31 இதழ்கள். இடையிடையே சில எண்கள் விடுபட்டிருந்தன. முதுகில் அடித்த பின்கள் துருவேறி, நடுப்பக்கத்தில் செம்மண் நிறத்தில் இரண்டு கறைகளை விட்டிருந்தன. பெட்டியோடு வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று முதல் அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்துவருகிறேன். சென்ற மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது மறுபடியும் முழுப் பெட்டியையும் படித்து முடித்தேன்.

இவ்வகை விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துபவர். மற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ பாத்திரம் ஏற்று, தான் என்ன செய்யப்போகிறேன் என்பதை வாயால் சொல்வார்கள். வெற்றியா தோல்வியா என்பதைப் பகடைகள் தீர்மானிக்கும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இவ்வகையில் விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு. அது மூன்று மெல்லிய புத்தகங்களாக வந்தது. அவற்றில் விதிகள் பாதி இருந்தன, பாதி இல்லை. இருந்த விதிகளும் பல இடங்களில் தெளிவாக இல்லை. வாங்கியவர்கள் தாங்களே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படி நிரப்பியதை மற்றவர்களுக்குச் சொல்ல ஓர் இடமும் தேவைப்பட்டது. இந்த இதழ்கள் பிறந்ததற்குக் காரணம் அந்தத் தேவைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக் என்ற மூன்று நண்பர்கள் 1975இல் லண்டனில் ‘கேம்ஸ் ஒர்க்‌ஷாப்’ என்ற நிறுவனத்தைத் தங்கள் குடியிருப்பிலிருந்தே தொடங்கினார்கள். ‘அவுல் அண்ட் வீசல்’ என்ற சிற்றிதழையும் நடத்தினார்கள். அதன் முதல் இதழ் எப்படியோ லேக் ஜெனீவாவைச் சென்றடைந்தது. அங்கே அந்த விளையாட்டை வெளியிட்டவர்களில் ஒருவரான பிரையன் புளூம் பதிலுக்கு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிரதி ஒன்றை அனுப்பிவைத்தார். விளையாடிப் பார்த்த நண்பர்கள் ஆறே ஆறு பிரதிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அந்த ஆறு பிரதிகளின் பேரில், ஐரோப்பா முழுமைக்கும் மூன்றாண்டு விநியோக உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. 25 இதழ்களுக்குப் பின் ‘அவுல் அண்ட் வீசல்’ நின்று, 1977ஆம் ஆண்டின் நடுவில் லிவிங்ஸ்டனை ஆசிரியராகக் கொண்டு ‘ஒயிட் டுவார்ஃப்’ வந்தது.

அதன் முதல் இதழிலேயே டான் டர்ன்புல் என்பவர் ‘மான்ஸ்டர்மார்க்’ என்றொரு கணக்கு முறையை எழுதத் தொடங்கினார். ஒரு சாதாரண வீரன் ஓர் அரக்கனோடு மோதினால், அதைக் கொன்று முடிப்பதற்குள் அது அவனுக்குச் சராசரியாக எவ்வளவு சேதம் விளைவிக்கும் என்பதைக் கணக்கிட்டு, அந்த எண்ணையே அரக்கனின் பலத்துக்கு அளவாக வைக்கும் முறை அது. இன்று படிக்கும்போது அந்தச் சூத்திரங்கள் கரடுமுரடாகத் தெரியலாம். ஆனால் ஆட்டம் பிரிட்டனுக்கு வந்து இரண்டே ஆண்டுகளில், விதிப்புத்தகம் சொல்லாமல் விட்ட ஒன்றை ஒரு வாசகர் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, அதை மற்ற வாசகர்களின் பார்வைக்கு வைத்திருக்கிறார். எனக்கு அந்தக் கட்டுரைகளின் மீது பெரும் மதிப்பு உண்டு.

அதே டர்ன்புல் பொறுப்பில் ‘ஃபீண்ட் ஃபேக்டரி’ என்ற பகுதி வந்தது. வாசகர்கள் தாங்கள் கற்பனை செய்த அரக்கர்களை எழுதி அனுப்புவார்கள். அவர் தேர்ந்தெடுத்துத் திருத்தி, அனுப்பியவர் பெயரோடு வெளியிடுவார். என் பெட்டியில் இருந்த மிகப் பழைய பிரதி 12ஆம் இதழ், 1979 ஏப்ரல்-மே. அதன் அந்தப் பகுதியில் ‘கித்யாங்கி’ என்றொரு இனம் இருக்கிறது. அனுப்பியவர் பெயர் சார்லஸ் ஸ்ட்ராஸ். பின்னாளில் ஹியூகோ விருது பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் அவர். லீட்ஸ் நகரில் பிறந்த அவருக்கு அந்த இதழ் வெளிவந்தபோது வயது 14. கித்யாங்கி என்ற பெயரை அவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் முதல் நாவலிலிருந்து எடுத்துக்கொண்டார். அங்கே போகிற போக்கில் வந்து மறையும் அந்தப் பெயருக்கு ஒரு வரலாற்றைக் கொடுத்தவர் அந்தப் பள்ளிச் சிறுவர்தான். ‘மைண்ட் ஃபிளேயர்’ எனப்படும், மனித மூளையைத் தின்னும் உயிரினங்களிடம் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்து, கிளர்ந்தெழுந்து விடுதலை பெற்ற ஓர் இனமாக அவர்கள் உருக்கொண்டார்கள்.

இதில் நான் பெரிதும் ரசிக்கும் செய்தி வேறொன்று. அந்த மைண்ட் ஃபிளேயரும் ஓர் இதழில் பிறந்ததுதான். 1975ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், லேக் ஜெனீவாவிலிருந்து ‘தி ஸ்டிராட்டெஜிக் ரிவ்யூ’ என்ற சில பக்கச் செய்திமடல் வரத் தொடங்கியபோது, அதன் முதல் இதழில் அந்த அரக்கன் அறிமுகமானது. நான்கு ஆண்டுகள் கழித்து, அட்லாண்டிக் கடலுக்கு இக்கரையில் ஒரு சிறுவர் அதற்கு எதிரிகளைப் படைத்துத் தபாலில் சேர்த்தார்.

‘ஃபீண்ட் ஃபேக்டரி’யில் வந்தவற்றிலிருந்து பெரும்பகுதியைத் திரட்டி ‘ஃபீண்ட் ஃபோலியோ’ என்ற தொகுப்பு 1981இல் வெளிவந்தபோது, அட்டைப்படத்தில் நின்றது கித்யாங்கிதான். இன்று அந்த இனத்தை அறிந்தவர்களில் பெரும்பாலோர் கணினி வழியாக அறிந்தவர்கள். 2023 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டுடியோஸ் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டில், தொடக்கத்திலேயே மைண்ட் ஃபிளேயர்களின் கப்பலில் நாம் சந்திக்கும் லேசெல் ஒரு கித்யாங்கிப் பெண். என் அக்காள் மகன் அந்த விளையாட்டை விடிய விடிய ஆடியவன். அவன் வந்திருந்தபோது 12ஆம் இதழை எடுத்துக் காட்டினேன். அவன் நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதை எழுதினவருக்கு அப்போ என்னைவிட வயசு கம்மியா மாமா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

எல்லாமே இப்படிச் சிறந்து விளங்கவில்லை. அமெரிக்காவில் 1976 ஜூன் முதல் வெளிவந்த ‘தி டிராகன்’ இதழின் மூன்றாம் எண்ணில், லென் லகோஃப்கா பெண் பாத்திரங்களுக்கென்று தனி விதிகளை முன்மொழிந்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பெண் பாத்திரங்களுக்கு ஆளுமைக்குப் பதிலாக ‘அழகு’ என்றொரு மதிப்பெண்ணை அது வைக்கிறது. மின்வடிவில் அதைப் படித்தபோது எனக்கு வருத்தமே மிஞ்சியது. மேசையைச் சுற்றி ஆண்கள் மட்டுமே இருப்பார்கள் என்று நினைத்து எழுதப்பட்ட கட்டுரை அது. ஆனால் அதே இதழின் 39ஆம் எண்ணில், 1980 ஜூலையில், ஜீன் வெல்ஸும் கிம் மோகனும் சேர்ந்து, பெண் ஆட்டக்காரர்கள் சமத்துவம் கேட்பதில் என்ன தவறு என்று வாதிட்டு எழுதினார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் நான்கு ஆண்டுகள்கூட இல்லை. விதிகளைப் பற்றிய வாசகர் ஐயங்களுக்கு விடை சொல்லும் பகுதியை 1979இல் அவ்விதழில் தொடங்கி எழுதியவரும் ஜீன் வெல்ஸ்தான் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘டிராகன்’ வளர்த்தெடுத்தவர்களில் எட் கிரீன்வுட் முக்கியமானவர். கனடாவின் ஒன்டாரியோவில் நூலகப் பணியில் இருந்த அவர் தம் முதல் அரக்கனை 1979 அக்டோபர் இதழில் வெளியிட்டார். பிறகு மந்திர நூல்களைப் பற்றியும் விநோத ஆயுதங்களைப் பற்றியும் எல்மின்ஸ்டர் என்ற கிழ மந்திரவாதியின் வாய்மொழியாகத் தொடர்ந்து எழுதினார். சிறு சிறு கட்டுரைகளில் ஊர்ப்பெயர்களும் அரசர் பெயர்களுமாகச் சிதறிக் கிடந்த அவருடைய உலகம்தான் 1987இல் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்ற பெயரில் முழு வெளியீடாக வந்தது. ‘பால்டர்ஸ் கேட்’ என்ற நகரம் அந்த உலகத்தில்தான் இருக்கிறது.

என் பெட்டிக்குத் திரும்புகிறேன். அதில் 1983ஆம் ஆண்டின் இதழ்கள் ஏறக்குறைய முழுமையாக இருந்தன. ‘இரிலியன்’ என்ற கற்பனை நகரத்தை 42 முதல் 47 வரை ஆறு இதழ்களில் டேனியல் கோலர்ட்டன் தொடராக எழுதினார். அவற்றில் ஐந்து என்னிடம் இருந்தன. விடுபட்ட ஓரிதழைத் தேடி வாங்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களும் அந்த நகரத்தின் ஒரு பகுதி எனக்கு இருட்டாகவே இருந்தது. 1983இல் தபாலுக்குக் காத்திருந்தவர்களின் நிலையைக் கொஞ்சமேனும் உணர அது உதவியது.

வேறோர் இதழில், வாசகர்கள் ஆடுவதற்காக அறை அறையாக எழுதப்பட்ட நிலவறைச் சாகசம் ஒன்றின் கடைசித் தாளில், கீழ் மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு செவ்வகத் துளை இருந்தது. கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தது. முன்பக்கத்தில் இருந்தது ஆண்டுச் சந்தாப் படிவம். பின்பக்கத்தில் 11ஆம் அறையின் விவரமும் 12ஆம் அறையின் முதல் வரிகளும் இருந்திருக்க வேண்டும். வரைபடத்தில் 11ஆம் அறை இருக்கிறது, அதற்குள் என்ன இருக்கிறது என்பது இல்லை. பிறகு கவனித்தேன். அந்த இதழ் வரையில் எல்லாப் பிரதிகளின் அட்டையும் வழவழப்பாக இருந்தன. அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்த இதழ் முதல் ஒவ்வொன்றிலும் நட்டநடுவே நெடுக்காக ஒரு மடிப்புக்கோடு ஓடியது. கதவிலிருக்கும் தபால் துவாரத்தின் வழியாக உள்ளே தள்ளப்பட்ட இதழ்கள் அவை. முன்பு உரிமையாளராக இருந்தவர் கடையில் வாங்குவதை நிறுத்திவிட்டுச் சந்தாதாரர் ஆகிவிட்டார். பெயர்கூடத் தெரியாத ஒருவரின் வாழ்க்கையில் நடந்த ஒரு சிறு முடிவு தாளின் மடிப்பில் எஞ்சியிருக்கிறது. மற்ற பக்கங்களின் ஓரங்களில் அவர் பென்சிலால் எழுதிய எண்களும் உண்டு. பூதம் ஒன்றின் உயிர்ப்புள்ளிகள் 22, 15, 9, 3 என்று குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு பெருக்கல் குறி. என்றோ ஒரு மாலையில் ஒரு மேசையைச் சுற்றி எழுந்த ஆரவாரம் அந்தப் பெருக்கல் குறியில் இருக்கிறது.

‘ஒயிட் டுவார்ஃப்’ இதழின் பிற்காலத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. ‘டிராவலர்’, ‘ரூன்குவெஸ்ட்’, ‘கால் ஆஃப் கதுல்லு’ என்று பிற நிறுவனங்களின் விளையாட்டுகளுக்கும் தாராளமாக இடம் கொடுத்துவந்த இதழ், 1986இல் நாட்டிங்ஹாமுக்கு இடம் மாறியது. அந்த மாற்றத்தை ஏற்காத ஆசிரியர் குழுவினர் விலகிப்போகும்போது, பொருளடக்கப் பக்கத்தின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தால் நிர்வாகிக்கு ஒரு வசைமொழி கிடைக்கும்படி அச்சிட்டுவிட்டுப் போனார்கள். 1980களின் முடிவுக்குள் அது தன் நிறுவனத்தின் உலோகப் பொம்மைகளையும் போர் விளையாட்டுகளையும் மட்டுமே பேசும் இதழாயிற்று. அதையும் விரும்பிப் படித்தவர்கள் ஏராளம் என்பதை அறிவேன். ஆனால் 14 வயதுச் சிறுவர் ஒருவர் தபாலில் அனுப்பிய அரக்கன் அச்சேறும் இடமாக அது இருக்கவில்லை. என் பெட்டி 1985ஆம் ஆண்டோடு நின்றுவிட்டதில் எனக்குக் குறையொன்றுமில்லை.

துளை விழுந்த அந்தச் சாகசத்தை 2011இல் நண்பர்கள் நால்வரோடு ஆடினோம். நான்தான் நடத்தினேன். 11ஆம் அறைக்கு என்ன செய்வதென்று இரண்டு நாள் யோசித்து, ஒரு கோடிட்ட தாளில் எழுதிவைத்தேன். சுவரெங்கும் சாவிகள் தொங்கும் அறை. அவற்றில் எதுவும் அந்த நிலவறையின் எந்தக் கதவுக்கும் பொருந்தாது. கதவைத் திறந்ததும் எல்லாச் சாவிகளும் ஒருசேர மெல்ல ஆடத் தொடங்கும். நண்பர்கள் அந்த அறையில் ஒன்றரை மணி நேரம் செலவிட்டார்கள். ஒருவர் தம் பாத்திரத்துக்கு ஒரு சாவியை எடுத்துக்கொண்டார். பிறகு நாங்கள் ஆடிய நான்கு சாகசங்களிலும், பூட்டிய கதவு எங்கு வந்தாலும் அந்தச் சாவியை முதலில் போட்டுப் பார்ப்பார்.

சில ஆண்டுகள் கழித்து அதே இதழின் முழுப் பிரதி ஒன்று கைக்கு வந்தது. மூலத்தில் 11ஆம் அறையில் உடைந்த பீப்பாய்களும் இரண்டு பெரிய எலிகளும் இருந்தன. முழுப் பிரதியை அலமாரியில் வரிசையாக அடுக்கிவிட்டேன். துளை விழுந்த பிரதி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. நான் எழுதிய கோடிட்ட தாளை நான்காக மடித்து அந்தப் பக்கத்துக்குள் வைத்திருக்கிறேன்.