நிறத்துக்கு முன் அடர்த்தி: ஓர் ஒட்டுத்துணி விரிப்பின் வேலைக் குறிப்புகள்

லாக் கேபின் என்னும் பழைய அமைப்பில் நான் தைத்துவரும் ஒட்டுத்துணி விரிப்பின் மேற்பகுதி முழுமையாகச் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் நடுவே ஒரு சிறு சதுரம் இருக்கும். அதைச் சுற்றிப் பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்துக்கொண்டே போனால், மூலைவிட்டத்தின் ஒரு பக்கம் முழுவதும் வெளிர் துணிகளாகவும் மறுபக்கம் முழுவதும் அடர் துணிகளாகவும் அமையும். நடுச் சதுரத்தை 2.5 அங்குலமாகவும் பட்டைகளை 1.5 அங்குல அகலமாகவும் வெட்டி, எல்லாத் தையலுக்கும் கால் அங்குலம் விட்டேன். மூன்று சுற்று முடிந்ததும் கட்டம் 8 அங்குலம் வரும். அப்படி 36 கட்டங்கள் சேர்ந்து 48 அங்குலச் சதுரமாகி, நாற்புறமும் 4 அங்குலக் கரை வைத்த பிறகு 56 அங்குலம் ஆயிற்று. தையலை விட நிறத் தேர்வுக்கே எனக்கு அதிக நேரம் பிடித்தது. ஆகவே இந்தக் குறிப்புகளும் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியவையே.

கரைக்கென்று எடுத்த பூப்போட்ட துணியிலிருந்துதான் தொடங்கினேன். அடர் நீலத் தளத்தில் கடுகு மஞ்சளும் செங்கல் நிறமும் சாம்பல் கலந்த பச்சையும் ஓடும் துணி அது. அச்சிட்ட பருத்தித் துணிகள் பலவற்றின் ஓரத்தில், அந்த அச்சுக்குப் பயன்பட்ட சாயங்கள் ஒவ்வொன்றும் சிறு வட்டமாகப் பதிந்திருக்கும். அந்த வட்டங்களை மற்ற துணிகளின் அருகில் வைத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். ஆனால் வட்டத்தின் நிறத்தை அப்படியே தேடி எடுத்தால் எல்லாம் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் அச்சான தொகுப்பைப் போலத் தட்டையாகிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு நிறத்துக்கும் சற்று வெளிறியதும் சற்று அடர்ந்ததும், அதனோடு வட்டங்களில் இல்லாத ஓர் அயல் நிறமாக மங்கிய ஊதாவும் சேர்த்துக்கொண்டேன். அந்த ஊதா வந்த பிறகுதான் மஞ்சளுக்கு உயிர் வந்தது.

இந்த அமைப்பின் உருவம் முழுவதையும் தாங்குவது நிறமன்று, அடர்த்தியே; அதாவது ஒரு துணி எவ்வளவு வெளிறியது அல்லது கறுத்தது என்பதே. நீலமா பச்சையா என்பதைக் கண் உடனே சொல்லிவிடும். எது எதைவிட அடர்த்தி என்பதைச் சொல்லத் தடுமாறும். பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் இதில் மிகவும் ஏமாற்றக்கூடியவை. ஆகவே துணிகளை எல்லாம் வரிசையாகப் பரப்பி, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தேன். நிறம் நீங்கியதும், செங்கல் நிறமும் நடுத்தரப் பச்சையும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டன. அவை இரண்டும் அடுத்தடுத்து வந்தால் மூலைவிட்டக் கோடு கரைந்துபோகும் என்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்க்கும் முறையும் உண்டு. அதில் பிற நிறங்களின் அடர்த்தி மட்டும் தெரியுமே தவிர, சிவப்புத் துணிகள் உள்ளதைவிட வெளிறியும் பச்சைகள் கறுத்தும் தோன்றும் என்பதால், சிவப்புக் குடும்பத்துத் துணிகளுக்குப் பச்சைத்தாளே பொருந்தும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், அறையின் மறுகோடிக்குச் சென்று கண்களைச் சுருக்கிப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பிரித்து முடித்தபோது வெளிர்க் குவியல், அடர் குவியல் ஆகியவற்றோடு இடைநிலைக் குவியல் ஒன்றும் மிஞ்சியது. இடைநிலைத் துணிகளை ஒதுக்கிவிடலாம் என்று பலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. வெளிரும் அடர்வும் மட்டுமே இருக்கும் விரிப்பு சதுரங்கப் பலகையைப் போல விறைத்து நிற்கிறது. இடைநிலைத் துணியின் இடத்தை அதன் அண்டைத் துணியே முடிவு செய்கிறது என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் வெளிர்ப் பக்கத்தின் கடைசிச் சுற்றில் அவற்றைச் சேர்க்காமல், நடுச் சதுரத்தை ஒட்டிய உட்சுற்றில் மட்டும் வைத்தேன். எல்லைக்கோடு கூர்மையாக இருக்கவேண்டிய வெளிவிளிம்பு அப்போது தெளிவாக நின்றது.

அச்சின் அளவையும் இங்கே சொல்லவேண்டும். முழுத் துணியாக விரிக்கும்போது அழகாக இருக்கும் பெரிய பூ, ஓர் அங்குலப் பட்டையாகக் குறுகும்போது பூவாகவே இருப்பதில்லை. அடர் நீலத்தில் வெள்ளைப் பூக்கள் போட்ட ஒரு துணியை 1.5 அங்குலப் பட்டையாக வெட்டிப் பார்த்தபோது, ஒரு பட்டையின் இடப்பாதி முழுவதும் நீலமாகவும் வலப்பாதி ஏறக்குறைய முழுவதும் வெள்ளை இதழாகவும் வந்தது. அடர் பக்கத்தில் அது ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். வெட்டுவதற்கு முன்பே இதைக் கண்டறிய, ஒரு தடித்த அட்டையில் ஓர் அங்குல அகலத்துக்கு நீண்ட சாளரம் வெட்டி, துணியின் மேல் நகர்த்திப் பார்க்கலாம்; தைத்த பிறகு கண்ணில் படப்போகும் அளவு அதுதான். பெரிய பூத்துணியைக் கரைக்கு மட்டும் வைத்துவிட்டு, பட்டைகளுக்குச் சிறு புள்ளி, நுண்கோடு, தூரத்தில் ஒரே நிறமாகத் தெரியும் அச்சு ஆகியவற்றையே எடுத்தேன்.

அண்டை நிறம் செய்யும் வேலைக்கு ஒரு வரலாறே உண்டு. பாரிஸில் கோப்லின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் பொறுப்பிலிருந்த வேதியியலாளர் மிஷெல் யூஜின் ஷெவ்ரோலிடம், கறுப்பு நூலுக்கு வலுவில்லை என்ற புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை என்றும், அருகிலிருந்த நீலமும் ஊதாவுமே கறுப்பை மங்கச் செய்கின்றன என்றும் அவர் கண்டறிந்து, அந்த ஆய்வை 1839இல் நூலாக வெளியிட்டார். என் மேசையிலும் அதுவே நடந்தது: ஒரே சாம்பல் பட்டை செங்கல் நிறத்தின் அருகில் நீலம் பாய்ந்ததாகவும், நீலத்தின் அருகில் சற்றே பழுப்பாகவும் தெரிந்தது. அதிலிருந்து எந்தத் துணியையும் தனியாக வைத்து முடிவு செய்வதில்லை. அது எவற்றோடு தைக்கப்படுமோ அவற்றின் நடுவில் வைத்தே பார்க்கிறேன். பகல் வெளிச்சத்தில் பொருந்திய இரு நீலங்கள் மின்விளக்கின் கீழ் பிரிந்து தெரிவதும் உண்டு. சாயங்கள் வேறாக இருப்பதே காரணம். விரிப்பு பெரும்பாலும் இரவில்தான் பயன்படும் என்றால், இரவு விளக்கிலும் பார்த்துவிடுவது நல்லது. சாயம் விடக்கூடிய அடர் சிவப்பையும் நீலத்தையும் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சோதித்த பிறகே வெட்டினேன்.

நடுச் சதுரத்துக்கு மரபான சிவப்பை விட்டுவிட்டுக் கடுகு மஞ்சளை வைத்தேன். 36 இடங்களில் ஒரே நிறம் திரும்பத் திரும்ப வருவதால், சுற்றிலும் எத்தனை வகைத் துணி இருந்தாலும் கண் சிதறுவதில்லை.

கட்டங்களை அடுக்கும் வேலை முழு மகிழ்ச்சி தந்தது. சுவரில் ஃபிளானல் துணியை இறுக்கமாகப் பொருத்தினால் பருத்தித் துண்டுகள் ஊசியின்றியே அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கட்டத்தைக்கூட மாற்றாமல், திருப்பி வைப்பதால் மட்டுமே சாய்ந்த உழவுச் சால்களைப் போன்ற ஸ்ட்ரெய்ட் ஃபர்ரோவும், நடுவிலிருந்து விரியும் சாய்சதுரங்களான பார்ன் ரெய்சிங்கும் கிடைக்கின்றன. முன்னது கட்டில் மேல் விரித்தால் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும் உணர்வைத் தருவதால், நான் பின்னதையே எடுத்தேன்.

இதே துணிகளில் சிறு திண்டு உறைகளும் தைத்தேன். நான்கு கட்டங்கள் சேர்ந்தால் 16 அங்குல உறை சரியாக வந்துவிடும். அறைக்கு நிறம் வகுக்கையில் 60, 30, 10 என்ற விகிதம் பலருக்கும் பழக்கமானது. சுவரும் பெரிய பரப்புகளும் அறுபது, திரையும் விரிப்பும் முப்பது, சிறு பொருள்கள் பத்து. அதை நான் கண்டிப்பான விதியாகக் கொள்ளவில்லை. ஆனால் மஞ்சளைப் பத்துக்குள் அடக்கியது பயன் தந்தது. திரைக்கு அச்சே இல்லாத சாம்பல் பச்சை. சுவர் வண்ணத்துக்கும் அடர்த்திக் கணக்கு உதவுகிறது: பெயிண்ட் நிறுவனங்கள் பல தம் நிறங்களுக்கு, ஒளியை எவ்வளவு திருப்பும் என்று காட்டும் எல்ஆர்வி என்ற ஓர் எண்ணைக் கொடுக்கின்றன, 0 கறுப்பு, 100 வெள்ளை. திரைக்கும் சுவருக்கும் அந்த அளவில் போதிய இடைவெளி இருக்குமாறு பார்த்துக்கொண்டேன்.

இப்போது மேற்பகுதியையும் பஞ்சு விரிப்பையும் அடித்துணியையும் சேர்த்துத் தைக்கும் கட்டத்தில் இருக்கிறேன். சுருளில் நூல் எப்போதும் அடர்ந்தே தெரியும். ஓர் இழையைப் பிரித்துத் துணியின் மேல் நெளிவாகப் போட்டுப் பார்த்தால்தான் உண்மையான நிறம் தெரியும். அப்படிப் பார்த்ததில் இடைநிலைச் சாம்பல் இழை வெளிர்ப் பக்கத்திலும் அடர் பக்கத்திலும் உறுத்தாமல் மறைந்தது. விரிப்பின் விளிம்பைச் சுற்றி மூடும் ஓரப்பட்டிக்குச் சுற்றளவு 224 அங்குலம். இணைப்புக்கும் மூலைகளுக்கும் கூடுதலாக விட்டால், 42 அங்குல அகலத் துணியில் 2.5 அங்குலப் பட்டைகள் 6 தேவை. மஞ்சளை வைத்தால் கண் விளிம்புக்கே ஓடிவிடுகிறது; ஆகவே கரையின் தள நிறத்தைவிட ஒரு படி அடர்ந்த நீலத்தில் அந்த ஆறு பட்டைகளையும் வெட்டி வைத்திருக்கிறேன்.