சிட்டுவுக்கு ஒன்றுக்குப் போகப் பழக்கிய நான்கு மாதம்

வாடிக்கையாளர் ஒருவரின் பட்டு பிளவுஸ் துணி, இரண்டு கால்மிதி, அத்தையின் ஜமுக்காளம். இத்தனையும் நாசமான பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் எங்கள் நாய்க்குட்டி சிட்டு அவ்வளவு அடி வாங்கியிருக்காது. இப்போது நாய்க்குட்டி வாங்கப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு செங்கோட்டைப் பக்கம், கேரள எல்லையோரப் புளியரையில். வீட்டுக்காரர் கொல்லத்துக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறார், நான் வீட்டிலேயே தையல். புனலூர் தாண்டி ஓர் ஊரில் ஒருவர் வீட்டிலேயே நாய் வளர்த்து விற்கிறார் என்று கேள்விப்பட்டு, திரும்பி வரும் வழியில் ஒரு லேப்ரடார் பெண்குட்டியை 8,000 ரூபாய்க்கு வாங்கி வந்துவிட்டார். 45 நாள் குட்டி, முதல் ஊசி போட்டாயிற்று, "ஒண்ணும் பேடிக்கண்டா" (ஒன்றும் பயப்பட வேண்டாம்) என்று மலையாளத்தில் சொல்லி ஓர் அட்டையும் கொடுத்திருக்கிறார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-இல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. 45 நாள் என்று சொன்னபோதே நாங்கள் சுதாரித்திருக்க வேண்டும். அது தெரியாமல் போயிற்று.

அவள் வந்தது ஜூன் இரண்டாம் வாரம், சாரல் பிடித்திருந்த சமயம். ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஊரில் துணி காயாது, முற்றம் காயாது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு அவளைப் புறவாசல் செம்மண்ணில் இறக்கி விடுவேன். வாலைக் கால்களுக்கு நடுவில் சொருகிக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க, அப்படியே நிற்பாள். இருபது நிமிடம் ஆனாலும் ஒரு சொட்டு வராது. சரி என்று தூக்கிக்கொண்டு உள்ளே வந்தால், துண்டால் துடைத்து முடிப்பதற்குள் ஓடிப்போய் மெஷினுக்கு அடியில் கிடக்கும் வெட்டுத்துணியில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை இப்படி. வீம்புக்குத்தான் செய்கிறாள் என்றே நானும் நினைத்தேன்.

"ஏட்டி, மூக்கப் பிடிச்சு அதுலயே ஒரு தேய் தேய்ச்சி விடு. அப்பத்தான் உறைக்கும்" என்றார்கள் அத்தை. அவர்கள் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் பழக்கினார்களாம். மூன்று தடவை செய்தேன். ஒரு தடவை ஸ்கேலாலும் அடித்தேன். அதன்பிறகு வீடு இரண்டு நாள் சுத்தமாக இருந்தது, அடி வேலை செய்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். மூன்றாவது நாள் ஒரே வாடை. கட்டிலை நகர்த்திப் பார்த்தால், ட்ரங்குப் பெட்டிக்குப் பின்னால் மூன்று இடத்தில் குளம் கட்டி, சாமி படத்துக்கு வைத்திருந்த பழைய வேட்டி முழுக்க ஊறிக் கிடந்தது. எங்கள் கண் முன்னால் போனால் அடி விழும் என்பதுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது. அதைவிடக் கஷ்டம், வெளியே கூட்டிப்போனாலும் நான் பக்கத்தில் நிற்கும்வரை போகவே மாட்டாள். அந்தப் பயம் போக மூன்று வாரம் ஆயிற்று. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

அடுத்து ஊசி விவகாரம். இரண்டாவது ஊசிக்காகத் தென்காசிக்குத் தூக்கிப்போனோம். டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். தேதி மட்டும் பேனாவில் எழுதியிருக்கிறது. தடுப்பூசிக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர் இல்லை, டாக்டர் கையெழுத்து இல்லை, முத்திரையும் இல்லை. "இதை ஊசி போட்டதாக எடுத்துக்கொள்ள முடியாதம்மா" என்றவர், வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, வாங்கி வந்த அன்றைக்கு 35 நாள் இருந்திருந்தாலே அதிகம் என்றார். பூச்சி மருந்தை மட்டும் கொடுத்து, ஊசியை ஏழாவது வாரத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றும், பதினாறு வாரம் ஆகிக் கடைசி ஊசி போடும்வரை தெருவில் இறக்கவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். தெருநாய் நடமாடுகிற இடத்தில் குட்டியை முகரவிட்டால் போதும், ரத்தக்கழிச்சல் வந்துவிடக்கூடும். ஆகவே பழக்குவதெல்லாம் வேலி கட்டிய எங்கள் புறவாசலுக்குள்ளேயே நடந்தாக வேண்டும்.

ஒரிஜினல் அட்டை இருக்கிறதா என்று கேட்க வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு விற்றவர் வீட்டுக்குப் போனார். காலையில் போனால் ஆள் இல்லை. மதியம் வரை காத்திருந்து பார்த்தால், அட்டை எல்லாம் கொடுத்தாயிற்று என்று ஒரே பேச்சு. வீண் அலைச்சல், அரை நாள் சம்பாத்தியமும் போயிற்று. ஆனால் அன்றைக்குத்தான் அவர் அந்த வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறார். முதல் தடவை குட்டியைத் திண்ணையில் வைத்தே கொடுத்துவிட்டார்களாம். போனில் எடுத்து வந்த போட்டோவைக் காட்டினார். கம்பிக் கூண்டு, அடியில் சிமெண்டுத் தரை, அதன்மேல் சணல் சாக்கு. அதே சாக்கில்தான் ஏழு குட்டிகளும் படுக்கின்றன, தின்கின்றன, மற்றதும் அதிலேயே. கூண்டைச் சுற்றிக் கைப்பிடி மண்கூட இல்லை.

அதற்கு முந்தின வாரத்திலிருந்து நான் ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிட்டு எப்போது, எங்கே போகிறாள் என்று குறித்துவந்தேன். போட்டோவைப் பார்த்ததும் அந்த நோட்டை எடுத்துப் பிரித்தேன். வெட்டுத்துணி, கால்மிதி, வெட்டுத்துணி, ஜமுக்காளம், பட்டுத்துணி, வேட்டி, கால்மிதி. வெறும் தரையில் போனது இரண்டே தடவை! பிறந்ததிலிருந்து காலுக்குக் கீழே சொரசொரவென்று துணி மாதிரி ஏதோ இருந்தால்தான் அது போகிற இடம் என்று அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவளை ஈர மண்ணில் நிறுத்தி, போ போ என்று விரட்டியிருக்கிறேன். இரவு பதினொரு மணி இருக்கும், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டரிடம் போனில் கேட்டபோது சரிதான் என்றார். மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் போல வரைக்கும் குட்டி எந்தத் தரையில் போய்ப் பழகுகிறதோ அதையே பிறகும் தேடுமாம். படுக்கிற இடத்திலேயே போகவைத்து வளர்த்த குட்டிகளைப் பழக்க நாள் கூடப் பிடிக்கும், ஆனால் பழகிவிடும் என்று தைரியம் சொன்னார்.

மறுநாள் வண்டியிலிருந்து இரண்டு சணல் சாக்கு எடுத்தேன். அவள் போன இடத்தைத் துடைத்த துணியை ஒன்றின்மேல் நன்றாகத் தேய்த்து, மாடு இல்லாமல் காலியாகக் கிடந்த தொழுவத்தில் விரித்தேன். எங்கள் வீடு செங்கோட்டைப் பக்கமெல்லாம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் கட்டியது. 1956 நவம்பர் 1-க்குப் பிறகுதான் நாங்கள் தமிழ்நாடு. அந்தப் பக்கத்துப் பாணியில் தொழுவத்து ஓடு தாழ இறங்கி இருப்பதால் எவ்வளவு சாரல் அடித்தாலும் உள்ளே நனையாது. காலை 5.40-க்கு அவள் கண் விழித்ததும் தூக்கிப்போய் சாக்கின் மேல் விட்டேன். முகர்ந்தாள். ஒரு சுற்று சுற்றினாள். பின்னங்காலை அகட்டி உட்கார்ந்தாள். சாக்கில் கறுப்பாக ஈரம் பரவுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முடித்ததும் அங்கேயே, அந்த நொடியே, வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுத்தேன். உள்ளே வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குத்தான் கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளும்.

அதன்பிறகு பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில், விளையாடி முடித்ததும், படுக்கும் முன், ராத்திரி இரண்டு தடவை அலாரம் வைத்து. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது, அதற்கு மேல் எதிர்பார்ப்பது நம் தப்பு. வீட்டில் கால்மிதி எல்லாம் பரணுக்குப் போயிற்று. வெட்டுத்துணியை மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் போட்டேன். நான் தைக்கும்போது அவள் கயிறு என் ஸ்டூல் காலில் இருக்கும். கண்ணில் படாமல் போகிற வழியே இல்லை.

சாக்கை நாலு நாளைக்கு ஒரு தடவை வெட்டிச் சிறிதாக்கினேன். பாதி, கால், பிறகு கைக்குட்டை அளவு. ஒவ்வொரு தடவையும் மேலே கொஞ்சம் மண்ணைத் தூவினேன். ஒரு தடவை பாதியிலிருந்து நேராகக் கைக்குட்டைக்குத் தாவினேன், அவள் திரும்பவும் மெஷின் அடிக்கு ஓடினாள். அவசரப்படக் கூடாது. இன்னொரு தப்பும் செய்தேன். போய் முடித்த உடனே உள்ளே தூக்கி வந்துவிடுவேன். போனால் வெளியே இருக்கிற சந்தோஷம் தீர்ந்துவிடும் என்று அவள் இழுத்தடிக்க ஆரம்பித்தாள். முடித்த பிறகு ஐந்து நிமிடம் தொழுவத்திலேயே விளையாட விட்டதும் சரியாயிற்று.

துடைப்பது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்களுடையது பழைய காவித் தரை, அங்கங்கே வெடிப்பு. நான் பினாயில் ஊற்றித்தான் துடைத்தேன். நமக்குத்தான் அது வாசனை, நாய் மூக்குக்கு அடியில் இருக்கிற மூத்திர வாடை அப்படியேதான் தெரியும், திரும்ப அங்கேயே வரும். தவிர, பினாயில் பட்ட காலை நக்கினால் குட்டிக்கு ஆகாது. ஒரு நாள் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கண் எரிந்து மூச்சு முட்டிவிட்டது. மூத்திரத்தில் இருக்கிற அமோனியாவோடு அது சேரவே கூடாதாம். இதற்கென்றே என்சைம் கலந்த திரவம் ஆன்லைனில் கிடைக்கிறது, அதை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்த பிறகுதான் வெடிப்பு வாடை போனது. அது வந்து சேரும்வரை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து சமாளித்தேன்.

ஆகஸ்டில் எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று கால் மணிக்கு ஒரு தடவை போக ஆரம்பித்தாள். நின்ற இடத்தில் உட்கார்வாள், இரண்டு சொட்டுதான் வரும், பிறகு அங்கேயே நக்கிக்கொண்டிருப்பாள். பட்ட பாடெல்லாம் வீணாயிற்றே என்று எனக்கு ஆத்திரம். நிறையக் குடிப்பதால்தான் என்று சாயங்காலத்துக்குமேல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டேன். எங்கள் டாக்டர் ஊரில் இல்லாததால் வேறோர் இடத்துக்குத் தூக்கிப்போனோம். தொட்டுக்கூடப் பார்க்காமல், பழக்கம் சரியில்லை, கண்டித்து வளருங்கள் என்று பூச்சி மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் வீண். எங்கள் டாக்டர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, மூத்திரம் பிடித்து வந்தீர்களா என்பதுதான். விடிகாலையில் அவள் உட்காரும்போது கழுவிக் காயவைத்த எவர்சில்வர் தட்டைப் பின்னாலிருந்து மெதுவாக நீட்டிப் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூத்திரப்பாதையில் கிருமி. பெண்குட்டிகளுக்கு இது வருமாம். தண்ணீரை நிறுத்தியதற்கு என்னை நன்றாகத் திட்டினார், திட்டு வாங்க வேண்டியவள்தான் நான். மாத்திரை கொடுக்க ஆரம்பித்து நாலாம் நாளே சரியாகிவிட்டது, ஆனாலும் சொன்ன பத்து நாளும் விடாமல் கொடுத்தேன். பழகிய குட்டி திடீரென்று தவறினால் அடிக்காதீர்கள், முதலில் மூத்திரத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

செப்டம்பர் கடைசியில் சாக்கே இல்லாமல் மண்ணில் போனாள். இப்போது தேவைப்பட்டால் புறவாசல் கதவை ஒரு காலால் பிறாண்டுவாள். தீபாவளி வெடிக்குப் பயந்து ஒரே ஒரு தடவை கூடத்தில் போய்விட்டாள். அத்தைதான் துணி எடுத்து வந்து துடைத்தார்கள். "பயத்துல போயிருக்கு, அத ஒண்ணும் சொல்லாத" என்றார்கள்.

வாங்கப்போகிறவர்கள் எங்களை மாதிரித் திண்ணையில் நின்று வாங்கிவிடாதீர்கள். குட்டிகள் இருக்கிற இடத்துக்கே போய், காலுக்குக் கீழே என்ன கிடக்கிறது, படுக்கிற இடமும் போகிற இடமும் தனித்தனியா என்று பாருங்கள். அட்டையில் ஸ்டிக்கரும் முத்திரையும் இல்லாமல் பணத்தை நீட்டாதீர்கள்.

சிட்டு புது இடத்துக்குப் போனால் இன்னமும் கொஞ்சம் தடுமாறுகிறாள். போன வாரம் புனலூரில் என் அக்கா வீட்டில் மதியம் வரை அடக்கிக்கொண்டே இருந்தாள். மிச்சமிருந்த சாக்குத் துண்டை அவர்கள் தென்னை மரத்தடியில் போட்ட பிறகுதான் போனாள். அதைத் துவைக்காமல் வண்டி சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறேன்.