ஊற்றைக் காக்க, அதற்கு மேலுள்ள நிலத்தில் தொடங்கிய வேலை

எங்கள் குடியிருப்பு முழுவதற்கும் குடிநீர் தரும் ஊற்றுக்குப் பாதுகாப்புத் திட்டம் எழுதும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்தபோது, குளோரின் கலந்தாலே போதுமே என்று பலர் கேட்டார்கள். குளோரின் பெரும்பாலான பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். ஆனால் கால்நடைச் சாணத்தின் வழியே நீரில் கலக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி, குடிநீரில் வழக்கமாகச் சேர்க்கும் அளவு குளோரினுக்கு அழிவதில்லை. எருவிலிருந்தும் கழிவிலிருந்தும் நீரில் கரையும் நைட்ரேட் என்னும் வேதிப்பொருளையும் குளோரின் நீக்காது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி நைட்ரேட்டின் செறிவு கூடவே செய்யும். ஆகவே அழுக்கு நீரில் சேருமுன் நிலத்திலேயே அதைத் தடுக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தோம்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாளில், ஊற்றுக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியை நடந்தே பார்த்தோம். இந்தக் களஆய்வை மழையில்தான் செய்ய வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன், ஏனெனில் நீர் எவ்வழியே ஓடி, எங்கே தேங்கி, எதைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்பது வெயில் நாளில் கண்ணுக்குப் புலப்படாது. மேட்டிலிருந்த தொழுவத்தின் எருக்குழியிலிருந்து வழிந்த பழுப்பு நீர், ஒரு பள்ளம் வழியாக நேரே ஊற்றுத் தொட்டியின் பின்சுவர் வரை வந்து இறங்கியது. அந்தச் சுவரிலோ விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. கழிப்பறைக் குழிகளையும் அளந்து வரைபடத்தில் குறித்தோம். குழிக்கும் ஊற்றுக்கும் இடையே 30 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது பரவலான வழிகாட்டுதல் என்றாலும், பிளவுபட்ட பாறையில் நீர் வடிகட்டப்படாமலே வெகுதூரம் போய்விடும் என்பதால் அதை மட்டும் நம்ப இயலாது.

கிருமி நீக்கிய குப்பியில் அன்றே மாதிரி எடுத்து, குளிர்ச்சி குறையாமல் ஆய்வகத்தில் சேர்த்தோம். 100 மில்லிலிட்டர் நீரில், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா சிறிதும் தென்படக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். எங்கள் மாதிரியில் அது தென்பட்டது. வேலை முடியும்வரை நீரைக் கொதிக்க வைத்தே குடிக்கும்படி எல்லா வீடுகளுக்கும் சொன்னோம்.

கடினமாக இருந்தது நில உரிமையாளருடனான பேச்சுதான். தலைமுறையாக உழைக்கும் தம் நிலத்தை ஊரே குற்றம் சொல்கிறது என்று அவர் வருந்தினார். கனடாவின் வாக்கர்ட்டன் நகரில் 2000 மே மாதம் நடந்ததை அவரிடம் விளக்கினேன். அங்கே கனமழையில் மாட்டெரு ஆழமற்ற ஒரு கிணற்றில் கலந்ததால் 7 பேர் உயிரிழந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். ஆனாலும் எருவை முறைப்படியே கையாண்ட அந்தப் பண்ணைக்காரரின் மீது தவறில்லை என்றுதான் நீதி விசாரணை சொன்னது. இதைக் கேட்ட பிறகு, எருக்குழியை எங்கே மாற்றலாம் என்று அவரே இடம் காட்டத் தொடங்கினார். அதற்கான செலவை, அந்த நீரைக் குடிக்கும் வீடுகள் எல்லாம் பகிர்ந்துகொள்வது நியாயம் என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

எருக்குழி ஊற்றுக்குக் கீழ்ப்புறம் போனது. மேற்புறத்தில் மழைநீரைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டி, வேலி போட்டு, தொட்டிச் சுவரைப் பூசி, பூட்டும் மூடி பொருத்தினோம். அடுத்த கனமழைக்குப் பின் எடுத்த மாதிரியில் ஈ.கோலை தென்படவில்லை. இருந்தாலும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வாய்க்காலையும் தொட்டியையும் பார்வையிடுகிறோம். நிலம் நாளை வேறு கைக்கு மாறினாலும் இந்த ஏற்பாடு செல்லும்படி எழுத்தில் பதிய வேண்டும் என்று உரிமையாளரே கேட்டிருக்கிறார். இப்போது அந்த ஒப்பந்தத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.