கேரவன் வாலாட்டாமல் இருக்க: டர்பன் – வான் ரீனன் வழி போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஈஸ்டர் விடுமுறைக்குக் கோல்டன் கேட் பூங்கா, கிளாரன்ஸ் ஊர் பக்கம் கேரவன் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டுவண்டி) இழுத்துப் போக நினைக்கிற நம்மவர்கள் முதலில் கேட்பது, "என் பக்கி (பிக்கப் வண்டி) வான் ரீனன் கணவாய் ஏறுமா?" என்றுதான். ஏறும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் என்று டர்போ இல்லாத இன்ஜின் சக்தியை இழக்கும். கணவாய் உச்சியோ 1,600 மீட்டருக்கு மேல். இடது ஓரமாக லாரிகளோடு லாரியாகப் போக வேண்டியதுதான். பயப்பட வேண்டியது திரும்பி வரும்போது, இறக்கத்தில். அங்கே கேரவன் வாலாட்டுமா (பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடுமா) இல்லையா என்பது சாமான் ஏற்றும்போதே பாதி முடிவாகிவிடும்.

கனமானவை எல்லாம் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது வேறு: பிரியாணி தேக்சா, அரிசி மூட்டை, தண்ணீர் கேன் எல்லாம் கடைசியில் வந்து, கையெட்டிய பின்பக்கக் கப்போர்டில் போய்விடும். வால் கனத்தால் மூக்கு (வண்டியோடு மாட்டும் முன்முனை) லேசாகும். பிறகு ஒரு காற்று தள்ளினாலே ஆடத் தொடங்கும்; ஆடினால் அடங்காது.

மூக்கு எடையை அளந்தே பார்த்துவிடலாம். சாமான் முழுவதையும் ஏற்றி, கேரவனைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். குளியலறைத் தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, அதன் மேல் கப்ளரை (மூக்கில் உள்ள, வண்டியோடு மாட்டும் பூட்டை) இறக்குங்கள். ஜாக்கி வீல் (மூக்கைத் தாங்கும் சிறு சக்கரம்) தரையைத் தொடக்கூடாது. மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் வர வேண்டும். 1,200 கிலோ கேரவனுக்கு 60 முதல் 84 கிலோ. டோ பார் (வண்டியின் பின்னால் உள்ள இழுவைக் கம்பி) தகட்டிலும் வண்டியின் கையேட்டிலும் உள்ள உச்ச அளவுகளில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது.

மாட்டிய பிறகு கப்ளர் டோ பாரின் பந்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறதா, கவ்வியிருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி: ஜாக்கி வீலைச் சுற்றி மூக்கை உயர்த்துங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் கவ்வியிருக்கிறது. பிறகு அந்த வீலை முழுக்க மேலே தூக்கி இறுக்குங்கள். அறுபட்டால் பிரேக் பிடிக்கிற கேபிளை மாட்டுங்கள், விளக்குகளை ஓர் ஆள் பின்னால் நின்று பார்க்கட்டும். டயர் பூ தேயாமல் இருக்கலாம், ஆனால் வருடம் முழுக்க வெயிலில் நின்ற ரப்பர் அது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டும் தயாரித்த வருடம். ஏழு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 50 கிலோமீட்டரில் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

லைசென்ஸையும் பாருங்கள். கேரவனின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோவுக்கு மேல் என்றால் வெறும் பி (B) வகை லைசென்ஸ் போதாது, இ.பி. (EB) வகை வேண்டும். இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான்.

வேகம் 80, மிஞ்சினால் 90. என்3 (N3) நெடுஞ்சாலையில் லாரி முந்தும்போது அதன் மூக்குக் காற்று உங்களை ஓரத்துக்குத் தள்ளும், வால் கடக்கும்போது உள்ளே இழுக்கும். கண்ணாடியில் லாரி வருவதைப் பார்த்ததும் ஆக்ஸிலேட்டரை லேசாகத் தளர்த்தி, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். ஆட்டம் தொடங்கிவிட்டாலும் இதேதான்: ஸ்டியரிங்கால் எதிர்த்து ஆட்டாதீர்கள், வேகம் கூட்டி நேராக்கப் பார்க்காதீர்கள், பிரேக்கைப் போட்டு மிதிக்காதீர்கள். வேகம் குறைந்தால் ஆட்டம் அடங்கும். அடங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சாமானை முன்னே நகர்த்துங்கள். இல்லையென்றால் அடுத்த இறக்கத்தில் மறுபடி வரும்.

ஓவர்ரன் பிரேக் என்பது கேரவன் வண்டியை முட்டும்போது பிடிக்கிற பிரேக். நீண்ட இறக்கத்தில் நீங்கள் மிதித்துக்கொண்டே வந்தால் அதுவும் தேய்த்துக்கொண்டே வரும். வண்டியின் பிரேக்கும் கேரவனின் பிரேக்கும் சூடேறி, கடைசியில் பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. ஆகவே வான் ரீனன் உச்சியிலும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே டவுன் ஹில்லிலும், இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கையால் கியரைக் குறையுங்கள். வேகம் ஏறினால் ஒருமுறை நன்றாகப் பிடித்துக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். இந்த இரண்டு இடத்திலும் மூடுபனி திடீரென்று இறங்கும். முன்வண்டிக்கும் உங்களுக்கும் ஐந்து வினாடி இடைவெளியாவது விடுங்கள்.