பிறர் வலியைப் பார்க்கும் ஈஈஜி சோதனை: காது கேளாத மாணவியின் அனுபவம்

நான் பிறவியிலேயே காது கேளாதவள், கல்லூரியில் படிக்கிறேன். அடுத்தவர் வலியைப் பார்க்கும்போது காது கேளாத மாணவர்களின் மூளையில் என்ன நடக்கிறது என்று ஈஈஜி மூலம், அதாவது தலையில் வைக்கும் எலெக்ட்ரோடுகளால் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து, ஆராய ஆள் தேடினார்கள். பெயர் கொடுத்தேன். இனிமேல் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வார்கள். பின்னல், பூ வேண்டாம். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேட்டிலும் எலெக்ட்ரோடு ஒட்டுவதால் ஹியரிங் எய்டைக் கழற்றிவிட வேண்டும். காக்ளியர் இம்ப்ளான்ட் (கேட்பதற்காக உள்காதில் அறுவை செய்து பொருத்தும் மின் கருவி) வைத்த என் தோழியைச் சேர்க்கவில்லை. அதன் மின் சமிக்ஞை பதிவில் கலந்துவிடுமாம்.

எலெக்ட்ரோடுகள் உள்ள தொப்பியைத் தலையில் மாட்டியபின் கையை அசைக்கக் கூடாது, தசையின் மின்சாரம் பதிவில் ஏறிவிடும். விளக்கையும் மங்கலாக்குவார்கள். கேட்பவர்களுக்கு இது ஒன்றுமில்லை, ஸ்பீக்கரில் பேசிக்கொள்ளலாம். கையால் பேசி, கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும் எங்களுக்கோ பேச்சே நின்றுவிடுகிறது. கூட வந்த சைகைமொழிபெயர்ப்பாளர் அக்கா விடவில்லை. முழு வெளிச்சத்தில் எல்லாவற்றையும் விளக்க வேண்டும், ஒத்திகை வேண்டும், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் விளக்கைப் போட வேண்டும், நடுவில் நிறுத்தச் சொல்ல ஒரு பட்டன் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். நீங்களும் கேளுங்கள்.

அப்புறம் படங்கள். கதவிடுக்கில் நசுங்கும் விரல், காய் நறுக்கும்போது கத்தி படும் விரல். அதே கை அடிபடாமல் இருக்கும் படங்களும் நடுநடுவே வரும். வலிக்குமா, வலிக்காதா என்று பட்டனை அழுத்த வேண்டும். சில படங்களுக்கு என் கால்விரல்கள் தானாக மடங்கின.

அக்கா அப்படிப் பிடிவாதம் பிடித்ததற்கு நல்ல காரணம் உண்டு. பீக்கிங் பல்கலைக்கழகத்தினர் 2008ல் வெளியிட்ட ஆய்வில், வலியுள்ள படத்தையும் இல்லாத படத்தையும் மூளை, படம் தோன்றிய சுமார் 140 மில்லி வினாடியிலேயே பிரித்துக் காட்டியது. 380 மில்லி வினாடிக்குப் பிறகு இன்னொரு வேறுபாடு தெரிந்தது. வலியைக் கவனிக்காமல் படத்தில் எத்தனை கைகள் என்று எண்ணச் சொன்னபோது இந்த இரண்டாவது வேறுபாடு குறைந்தது. அப்படியென்றால், என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதே சரியாகப் புரியாத மாணவருக்கும் அது குறையலாம். அதைப் பார்த்துவிட்டு "இவர்களுக்கு இரக்கம் குறைவு" என்று யாராவது எழுதினால் எவ்வளவு பெரிய அநியாயம்!

படிவத்தில் வயது, கேட்கும் அளவு எல்லாம் இருந்தன. எந்த வயதில் சைகைமொழி கிடைத்தது, வீட்டில் யாருக்குத் தெரியும் என்ற கேள்வி இல்லை. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். பாட்டி இறந்தபோது வீடே அழுதது, ஏன் என்று எனக்குச் சொல்ல அன்று யாருக்கும் மொழி இல்லை. காது கேளாத பெற்றோரிடம் சைகையிலேயே வளர்ந்த பிள்ளைகள் அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வதில் கேட்கும் பிள்ளைகளுக்குச் சளைத்தவர்கள் இல்லை என்று அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அதனால் அந்த இரண்டு விவரங்களையும் நானே எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்.

முடிந்ததும் எலெக்ட்ரோடுகளுக்காகத் தலையில் தடவிய ஜெல்லைக் கழுவ வேண்டும், துண்டு எடுத்துப் போங்கள். தனித்தனியாக முடிவு தர மாட்டார்கள். மொத்த முடிவைச் சைகைமொழி வீடியோவாகத் தரச் சொல்லிக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.