ஒரு போலிக் கடைத் தளத்தை முடக்க 11 நாட்கள்

என் அக்கா ஏமாந்த போலிக் கடைத் தளம் நேற்று இரவு ஒருவழியாக முடங்கியது. முதல் புகாரை அனுப்பிய நாளிலிருந்து கணக்கிட்டால் 11 நாட்கள். அவற்றில் 7 நாட்களாவது, உரிய இடத்துக்கு உரிய சொற்களில் எழுதத் தெரியாததால் வீணாயின. அத்தனை நாட்களும் அந்தத் தளம் திறந்தே கிடந்தது. அதன் விளம்பரமும் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் இன்னும் எத்தனை பேர் தங்கள் அட்டை எண்ணை அதில் தட்டினார்களோ என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

வங்கியிடம் சொல்லி அட்டையை முடக்கியதும், காவல்துறையில் புகார் பதிந்ததும் அன்றைக்கே முடிந்தன. அவற்றில் சிக்கல் எதுவும் இல்லை. தளத்தை இறக்குவதுதான் பாடாய்ப் படுத்தியது.

தளத்தின் டொமைன் பெயரை, அதாவது இணைய முகவரியில் வரும் பெயரை, உலக அளவில் இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் இட்டுப் பார்த்தேன். பல ஆண்டுகளாக வாடிக்கையாளர் சேவையில் இருப்பதாகத் தளத்தின் அடியில் எழுதியிருந்தார்கள். டொமைன் பதிவாகி 19 நாட்களே ஆகியிருந்தன. உரிமையாளரின் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. அது நமக்குத் தேவையும் இல்லை. அந்தப் பெயரை விற்ற பதிவாளர் நிறுவனம் எது, முறைகேட்டுப் புகாருக்கு அது கொடுத்திருக்கும் மின்னஞ்சல் எது என்ற இரண்டும்தான் தேவை. இரண்டும் அங்கேயே இருந்தன.

என் முதல் தவறு அடுத்த படியில் நிகழ்ந்தது. “இது போலிக் கடை, பணத்தை வாங்கிக்கொண்டு பொருள் அனுப்புவதில்லை” என்று பதிவாளருக்கு எழுதினேன். மூன்று நாட்கள் கழித்து, இது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான தகராறு, நீதிமன்றத்தை அணுகவும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அக்காவிடம் அதை வாசித்துக் காட்டவே எனக்கு மனம் வரவில்லை.

ஏன் அப்படி எழுதினார்கள் என்று தேடியபோதுதான் விஷயம் விளங்கியது. பதிவாளர் நிறுவனங்கள் ஐகானுடன் செய்துகொண்டுள்ள ஒப்பந்தத்தில் 2024 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு திருத்தம் இருக்கிறது. மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்), பாட்நெட் (திருட்டுத்தனமாகக் கைப்பற்றிய கணினிகளின் கூட்டம்), ஃபிஷிங் (வேறொருவர்போல் நடித்து ரகசிய விவரங்களைத் திருடுவது), ஃபார்மிங் (பயனருக்குத் தெரியாமல் போலித் தளத்துக்குத் திருப்பிவிடுவது), இவற்றைப் பரப்பப் பயன்படும் ஸ்பேம் (வேண்டாத மின்னஞ்சல்) ஆகிய ஐந்துக்கும் போதுமான ஆதாரம் கிடைத்தால், பதிவாளர் தாமதமின்றி நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். “போலிக் கடை” என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை, “ஃபிஷிங்” இருக்கிறது. (.in போன்ற நாட்டுக் குறியீட்டில் முடியும் டொமைன்களுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது; அவற்றுக்கு அந்தந்த நாட்டுப் பதிவகத்தின் விதிகளைத்தான் பார்க்க வேண்டும்.)

அக்காவுக்கு நடந்ததோ அப்பட்டமான ஃபிஷிங். பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் சின்னத்தை அப்படியே எடுத்துப் போட்டு, அட்டை எண்ணையும் பின்பக்க மூன்று இலக்கங்களையும் கேட்டு, பிறகு ஓடிபி கேட்டிருக்கிறார்கள். அவள் தட்டியதும் “தவறான எண், மீண்டும் முயலவும்” என்று சிவப்பில் வந்திருக்கிறது. இரண்டாவது எண்ணையும் தட்டியிருக்கிறாள். அந்த இரண்டு ஓடிபிகளும் வேறெங்கோ இரண்டு பரிவர்த்தனைகளுக்குப் பயன்பட்டிருந்தன. “பூட்டுச் சின்னம் இருந்ததே” என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பூட்டு, நமக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் வேறு எவரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. தளத்தை நடத்துபவர் யோக்கியரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அதற்கான சான்றிதழை எவரும் இலவசமாகவே பெறலாம்.

எனவே, பிறர் சின்னத்தைப் பயன்படுத்தி அட்டை விவரங்களையும் ஓடிபியையும் திருடும் ஃபிஷிங் தளம் என்று தலைப்பிலேயே குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். அந்த மின்னஞ்சல் போய்ச் சேராமலே திரும்பி வந்தது. உள்ளே இருந்த இணைப்பு ஆபத்தானது என்று அவர்களுடைய அஞ்சல் வடிகட்டியே தடுத்துவிட்டது. மின்னஞ்சலில் எழுதும்போது முகவரியிலுள்ள புள்ளிகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு, சொடுக்கினால் திறக்காதபடி எழுத வேண்டுமாம். இணையப் படிவமாக இருந்தால் இப்படி மாற்றாமல் முழு முகவரியையே கொடுக்க வேண்டும்.

திருத்தி அனுப்பிய பிறகு வந்த பதில்தான் என்னை மிகவும் சோர்வடையச் செய்தது. “பார்த்தோம், வீட்டுத் தோட்டம் பற்றிய சாதாரணப் பக்கம்தான் தெரிகிறது” என்றார்கள். என் கணினியில் திறந்தேன். உண்மையிலேயே தோட்டம்தான் வந்தது. கைப்பேசியில் முகவரியைத் தட்டச்சு செய்தேன்; அங்கும் அதே தோட்டம். அக்காவின் கைப்பேசியில் அந்த விளம்பரத்தைத் தேடிப் பிடித்துத் தொட்டபோது மட்டும் கடை திறந்தது. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் நீளமாக ஒரு வால் இருந்தது. அந்த வாலுடன் கைப்பேசியிலிருந்து வருபவர்களுக்கு மட்டுமே கடையைக் காட்டுகிறார்கள். புகாரைச் சரிபார்ப்பவர் அலுவலகக் கணினியில் வெறும் பெயரை இட்டுப் பார்த்தால் தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் புகாரை மூடிவிடுவார். அதைத் திட்டமிட்டே செய்திருக்கிறார்கள்.

விளம்பரத்தைத் தொடுவதிலிருந்து ஓடிபி கேட்கும் பெட்டி வரை கைப்பேசித் திரையை ஒரே ஓட்டமாகக் காணொளியாகப் பதிவு செய்தேன். அட்டை எண் கேட்ட இடத்தில் பொய்யான எண்களைத் தட்டினேன். வாலுடன் கூடிய முழு முகவரி, எந்தக் கைப்பேசியில் எந்த உலாவியில் திறந்தேன் என்ற விவரம், யூடிசி எனப்படும் உலகப் பொது நேரம் ஆகியவற்றைச் சேர்த்து, பழைய புகார் எண்ணின் கீழேயே அனுப்பினேன். இம்முறை “விசாரிக்கிறோம்” என்று பதில் வந்தது.

இதற்கிடையே தளத்தின் கோப்புகளைத் தன் கணினியில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் எழுதினேன். தளத்தின் ஐபி முகவரியை (இணையத்தில் அதற்குரிய எண் முகவரியை) தேடினால் வந்த பெயர், தளத்துக்கு முன்னால் திரைபோல நிற்கும் ஓர் இடைநிலை நிறுவனத்துடையது. தளத்தின் கோப்புகள் தங்களிடம் இல்லை, புகாரை உண்மையான ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்வாறு அனுப்பப்படும் புகார் சில சமயம் தளத்தை நடத்துபவரின் கைக்கே போய்ச் சேரும். படிவத்தில் பெயரை வெளியிட வேண்டாம் என்று குறிக்க வழியிருந்தால் மறக்காமல் குறிக்கவும். புகார்களுக்கென்றே தனி மின்னஞ்சல் ஒன்றை வைத்துக்கொள்ளவும். நான் முதலில் என் சொந்த முகவரியிலிருந்தே எழுதிவிட்டேன்; அந்தக் கவலை இன்னும் இருக்கிறது.

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை எட்டாம் நாளில்தான் செய்தேன். ஆபத்தான தளங்களைப் பட்டியலிடும் கூகுள் சேஃப் பிரவுசிங் சேவையின் படிவத்திலும், அதேபோன்ற மைக்ரோசாஃப்டின் படிவத்திலும் வாலுடன் கூடிய முகவரியைப் பதிந்தேன். கூகுளின் பட்டியலை குரோம் மட்டுமன்றி பயர்பாக்ஸ், சஃபாரி போன்ற உலாவிகளும் பயன்படுத்துகின்றன. மறுநாள் மாலை அக்காவின் கைப்பேசியில் விளம்பரத்தைத் தொட்டபோது, திரை முழுவதும் சிவப்பு எச்சரிக்கை எழுந்து நின்றது. தளம் இறங்கவில்லை, ஆனாலும் கதவுக்கு முன்னால் ஒரு காவலாளி வந்து நின்றதுபோல் இருந்தது. அன்றுதான் அக்கா கொஞ்சம் சிரித்தாள். பதிவாளரின் பதிலுக்காகக் காத்திருப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

நேற்று இரவு தேடல் பக்கத்தில் அந்த டொமைனின் நிலை “கிளையன்ட் ஹோல்டு” என்று மாறியிருந்தது. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பிலிருந்து பதிவாளர் அந்தப் பெயரை எடுத்துவிட்டார் என்பது அதன் பொருள். தோட்டமும் இல்லை, கடையும் இல்லை.

இன்று காலை அக்கா இன்னொரு விளம்பரத்தை எனக்கு அனுப்பினாள். அதே சின்னம், அதே சிவப்பு எழுத்துகள், வேறு டொமைன், வேறு பதிவாளர். கணினியில் திறந்தால் அதே தோட்டப் பக்கம். காணொளி எடுத்து, பழைய புகாரின் வாசகத்தில் முகவரியையும் நேரத்தையும் மாற்றி, பதிவாளருக்கும் கூகுள், மைக்ரோசாஃப்ட் படிவங்களுக்கும் அனுப்பி முடிக்க 20 நிமிடங்கள் ஆயின. பதிவாளரிடமிருந்து புகார் எண் வந்துவிட்டது.